மறுத்தார் என்று எழுதப்போகும் மகனுக்கு

நைனா,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததுமே நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய். அந்தச் "சரிம்மா"வுக்கு, பேசாமல் போனை வை என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா? உடனே எனக்கும் கோபம் வரும், நானும் எதையாவது சொல்லித் தொலைப்பேன், பேச வந்த விஷயம் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். வாயில் வருவதெல்லாம் எனக்கு இன்னா, கீது என்றுதான் வரும். பேனாவைப் பிடித்தால் மட்டும் பக்கத்தில் டீச்சர் நிற்கிற மாதிரி கை தானாக ஒழுங்காகிவிடுகிறது. சிரிக்காமல் படி. சாயங்காலம் டோல்கேட்டில் பஸ் பிடித்து கத்திவாக்கத்துக்கு வந்து, உன் ரூமில் இதையும் மீன் குழம்பையும் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். நீ படிக்கும்போது உன் முகத்தை எதிரில் நின்று பார்க்கிற தைரியம் இன்றைக்கு எனக்கு இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் புத்திமதி கிடைக்கும் என்று நினைத்துப் பிரிக்காதே. நானே குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று நீ போனில் கேட்டபோது என்னிடம் ஒரு பதில் இருந்தது. இன்றைக்கு மத்தியானம் பார்த்தால் அது என்னிடம் இல்லை. நடுவில் ஒரு ஆள் நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். அவர் வந்த கதையைச் சொல்வதற்கு முன்னால், நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்.

யார்டில் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. கப்பலுக்கு நேரமாகிறது என்று மேலே இருந்து உன்னை நெருக்குகிறார்கள். நீ கன்ட்ரோல் ரூமில் வாக்கி டாக்கியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாய். கிரேன் ஆபரேட்டர் அருளப்பன் ஒரு கன்டெய்னர் பெட்டியைத் தூக்கி, டிரெய்லருக்கு நேர் மேலே கொண்டுவந்து, இறக்காமல் பாதியில் அந்தரத்தில் நிறுத்திவிட்டார். "ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டாய். பதில் இல்லை. "ஏன் எறக்க மாட்றீங்க?" அதற்கும் பதில் இல்லை. ஏன், ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, கடைசியில் ஆத்திரத்தில், "வேலை செய்ய இஷ்டம் இல்லையா?" என்று கேட்டுவிட்டாய். வாக்கி டாக்கி என்ன போனா, ஒரு காதில் மட்டும் விழுவதற்கு? யார்டில் இருக்கிற அத்தனை ஆபரேட்டர் காதிலும் அது விழுந்தது. அவரும் சும்மா இருக்கவில்லை. "இஷ்டம் இல்லடா. நேத்து பொறந்தவன் நீ, இன்னா செஞ்சிடுவே?" என்று அதே வாக்கி டாக்கியில் கத்திவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கிரேனை விட்டு இறங்கிவிட்டார். அவர் இறங்கியதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். அன்றைக்குக் காலை வேலை முழுக்க நின்றுபோனது. இவ்வளவுதானே நீ சொன்னது?

இப்போது நாளைக் காலையில் நீ ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். "சொன்ன வேலையைச் செய்ய மறுத்தார்" என்று எழுது என்கிறார் உன் மேனேஜர். மறுத்தார் என்று நீ எழுதிவிட்டால், காண்ட்ராக்ட் ஆள்தானே, அருளப்பனை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். எழுதாவிட்டால் வேலை நின்றதற்கு யார் காரணம் என்ற கேள்வி உன் பக்கம் திரும்பும். உனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தை மாசம் கல்யாணம் வைத்திருக்கிறோம். பெண் வீட்டில், மாப்பிள்ளை போர்ட்டு வேலையில் இருக்கிறார் என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறார்கள். நீ என்னிடம், "அம்மா, வார்த்தையில நீ கெட்டிக்காரியாச்சே. மறுத்தார்னு போடாம வேற எப்டி எழுதறது, சொல்லேன்" என்று கேட்டாய்.

நைனா, நீ என்னிடம் அப்படிக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா? பதில் அப்போதே நாக்கு நுனியில் இருந்தது. "நிறுத்தினார்" என்று எழுது, அவ்வளவுதான். மறுத்தார் என்றால் குற்றம். நிறுத்தினார் என்றால் நடந்த காரியம். ஆள் வேலையும் போகாது, நீயும் பொய் சொன்னதாகாது. கேட்டவுடனே தூக்கிக் கொடுத்தால் மதிப்பு இருக்காது என்று, "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்று பெரிய மனுஷி மாதிரி போனை வைத்தேன். நேற்றே சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் குழப்பமே எனக்கு வந்திருக்காது.

இந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். நீ ஸ்கூல் போகிற காலத்தில் நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கராக இருந்தேன் இல்லையா? லைனில் டைலர்கள் தைத்துத் தள்ளும் சட்டைகளைப் பார்த்து, தையல் விட்டிருந்தால், பட்டன் கோணலாக இருந்தால், சாக்பீஸால் குறி போட்டுத் திருப்பிக் கொடுக்கிற வேலை. சேர்ந்த புதிதில் நான் பேசின பேச்சு இருக்கிறதே! "இன்னாடி இது, கண்ணு எங்க வச்சிகினு தைக்கிறே?" என்பேன். திருப்பிக் கொடுத்த பீஸைப் பிரித்துத் தைத்தால் அன்றைக்கு டார்கெட் போகாது, டார்கெட் போகாவிட்டால் சூப்பர்வைசரிடம் திட்டு. அந்த எரிச்சலில் இருக்கிறவளிடம் நான் கண்ணைப் பற்றிப் பேசினால் சும்மா இருப்பாளா? ஒருத்தி சட்டைக் கட்டையே தூக்கி என் மூஞ்சியில் அடித்தாள். பாத்ரூமுக்கு நான் போனால் மற்றவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். தண்ணீர் குடிக்கக்கூட யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தபோதுதான் ஒரு நாள் வாய் தவறி, "இந்த பீஸ்ல தையல் வுட்டுகினு போயிருக்கு பாரு" என்றேன். நீ விட்டுட்டே என்று சொல்லவில்லை, பீஸில் விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னேன். வசந்தா என்று ஒரு டைலர், லைனிலேயே பெரிய வாய்க்காரி. அவள் அந்தச் சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, நூலு சரியில்ல" என்று சொல்லிப் பிரிக்க உட்கார்ந்தாள். எனக்கே ஆச்சரியம். அன்றிலிருந்து குற்றத்தை எல்லாம் சட்டை மேலேயே போட்டேன். காலர் கோணிப்போச்சு. பட்டன் நகர்ந்துபோச்சு. யாரும் எதையும் செய்யவில்லை, சட்டை தானாகவே கெட்டுப்போகிறது! லைனில் சண்டை நின்றது. மதியம் என் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் கை நீட்டுகிற அளவுக்கு நல்லவளாகிவிட்டேன். சூப்பர்வைசர் மற்ற லைன் செக்கர்களைக் கூப்பிட்டு, இந்தம்மா எப்படிப் பேசுது பாருங்க என்று காட்டினார்.

அதை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நான் உன்னை "பாலைப் பொங்க வுட்டுட்டியேடா" என்று திட்டினதே இல்லை. "பால் பொங்கிப் போச்சு, துணியை எடு" என்றுதான் சொல்வேன். நீயும் அழாமல் துணியை எடுப்பாய். ஆனால் உங்கப்பாவும் இதைக் கற்றுக்கொண்டார் பார், அங்கேதான் எனக்கு முதல் குழப்பம். ஒரு நாள் ஹார்பரிலிருந்து நடந்து வந்தார். "சைக்கிள் எங்க?" என்றேன். "சைக்கிள் தொலைஞ்சு போச்சு" என்றார். தொலைஞ்சு போச்சாம்! பிராந்திக் கடை வாசலில் பூட்டாமல் விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்த மனுஷன் அந்த வாக்கியத்தில் எங்கேயுமே இல்லை. சைக்கிள் என்னவோ அதுவாகவே கோபித்துக்கொண்டு திருவொற்றியூர் பக்கம் போய்விட்ட மாதிரி! எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. என்னுடைய வார்த்தைதான் அது, நான் எதிர்த்துப் பேச முடியாது. அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்தச் சைக்கிளை நினைத்தால் எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது.

வசந்தா விஷயம் அப்படிச் சிரிக்கிற மாதிரி இல்லை. நாளாக ஆக அவளுடைய சட்டைகள்தான் அதிகமாகத் திரும்பின. நானும் அலுக்காமல், "வசந்தா, இதுல தையல் வுட்டுருக்கு", "இதுல தையல் கோணிப்போச்சு" என்று சிரித்த முகத்தோடு கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவளும் சிரித்துக்கொண்டே பிரித்தாள். ஒரு நாள் ஊசி அவள் விரலில் ஏறி நகத்தைத் துளைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தால், சர்க்கரை ஏறி அவளுக்குப் பார்வை மங்கி மாசக்கணக்காகியிருக்கிறது. நான் பார்க்கப் போனபோது, "அக்கா, நீ மின்ன மாரி கண்ணு எங்க வச்சிகினு தைக்கிறேன்னு கேட்டிருந்தா, கண்ணு தெரியலக்கான்னு சொல்லியிருப்பேன். நீதான் சட்டையையே திட்டிகினு இருந்தியே" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாளா, வருத்தத்தில் சொன்னாளா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என் பேச்சால்தான் அந்த லைன் அமைதியாக ஓடியது, அதுவும் நிஜம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

உங்கள் கம்பெனியிலும் இதையெல்லாம் டிரெயினிங் கொடுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று போன மாசம் சொன்னாயே. எதிராளியை "நீங்க" என்று சுட்டாமல் "நாம" என்று சொல்ல வேண்டும், "செய்யுங்க" என்பதற்குப் பதில் "செஞ்சிடலாமா" என்று கேட்க வேண்டும் என்றாய். கோட்டுப் போட்டவர் வந்து இதைச் சொல்ல வேண்டுமா, உங்கம்மா இருபது ரூபாய் டிபன் பாக்ஸோடு போய்க் கற்றுக்கொண்டு வந்ததுதானே இது என்று சிரித்தேன். நீயும் அப்படித்தான் பேசிப் பழகி வருகிறாய் என்று நினைத்தேன். சரி, இனி வந்தவரைச் சொல்கிறேன்.

இன்று மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்து குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம். பார்த்தால் அருளப்பன். ஆமாம், உன் அருளப்பன்தான். உங்கப்பாவோடு ஹார்பரில் வேலை பார்த்தவர், கோயிலில் பார்த்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான் பழக்கம். வீட்டுப் படி ஏறினதே இல்லை. சண்டைக்கு வந்திருக்கிறாரா, காலில் விழ வந்திருக்கிறாரா? அவர் பாட்டுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "தங்கச்சி, டீ கீதா? சக்கரை நெறையா போடு. டாக்டரு கெடக்கறான்" என்றார்.

டீயைக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "உன் புள்ள இன்னா எயுதப் போறானாம்?" என்று கேட்டார்.

அவர் பயந்துபோய் வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கும் ஏதோ தானம் கொடுக்கிற மாதிரி ஒரு நினைப்பு. "கவலையே படாதண்ணே. மறுத்தார்னு எழுத வேணாம், நிறுத்தினார்னு போடுடான்னு நான் சொல்லிடறேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது" என்றேன்.

மனுஷன் டம்ளரை டங்கென்று கீழே வைத்தார். "நிறுத்தினாரா? கரன்ட் போனாக்கூடத்தான் கிரேன் நிக்கும். நான் நிறுத்தலமா. மாட்டேன்னேன். கீய ஆளு கீறான், மேலே பொட்டி தொங்குது. எப்டி எறக்குவேன்? மாட்டேன்னேன்."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. "ஆளா? எந்த ஆளு?"

"உன் புள்ள சொல்லலியா?" என்று என்னையே பார்த்தார். பிறகு அவரே, "அவனுக்கும் தெரியாது போலக் கீது" என்றார்.

நைனா, இந்த இடத்தை நிதானமாகப் படி. டிரெய்லரின் மேல் பெட்டி நகராமல் உட்காருவதற்கு மூலைக்கு மூலை லாக் இருக்கிறதாமே. அதில் ஒன்று சரியாகத் திரும்பாமல் இருந்திருக்கிறது. லாக் போடுகிற வடநாட்டு ஆள், டிரெய்லர் மேல் ஏறிக் குனிந்து அதைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். டிரைவருக்கு அது தெரியாது. உன் கேமராவில் லாரியின் முன் பக்கம்தான் தெரியுமாம். மேலே கேபினில் இருந்த அருளப்பனுக்கு மட்டும்தான் அவன் முதுகு தெரிந்தது. முதுகுக்கு நேரே பெட்டி தொங்கியது.

"அத்த வாய தொறந்து சொல்றதுக்கு இன்னாண்ணே கேடு?" என்று கேட்டேன். என் குரல் ஏறிவிட்டது.

"சொன்னேன்மா! ஆளு கீறான், ஆளு கீறான்னு தொண்டை கிழியக் கத்துனேன். அவன் பேசற பட்டனை வுட்டாத்தான அவனுக்குக் கேக்கும்?" என்றார். கையில் வாக்கி டாக்கி இருக்கிற மாதிரி கட்டை விரலை மடக்கி அழுத்திக் காட்டினார். "மொதல்ல 'நாம எறக்கிடலாமா'ன்னான். நாமன்னா யாரு? அவனும் எங்கூட கேபின்ல ஒக்காந்துகினு கீறானா? சரி, வுடு. அப்பால ஏன், ஏன், ஏன்னு ஆரமிச்சான். பட்டனை அமுக்கிகினே ஏன்னு கேட்டா, பதிலு எந்த வழியா வரும்? நான் கத்தறது எனக்கே கேக்குது, அவனுக்குக் கேக்கல."

நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், உன் கட்டை விரல் நடுவில் இருந்தது. கடைசியில் "இஷ்டம் இல்லையா" என்று கேட்டுவிட்டு விரலை எடுத்தாயாம். அதற்குள் அந்த ஆள் லாக்கைத் திருப்பிவிட்டு இறங்கிப் போய்விட்டான், அருளப்பனுக்கும் தலைக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. உன் காதில் விழுந்த முதல் வார்த்தையே அந்தக் கோபம்தான்.

அவரை நான் பெரிய மகான் என்று சொல்லவில்லை. "ஆளுதான் போய்ட்டானே, அப்பாலயாச்சும் எறக்கியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். "எறக்கியிருக்கலாம். எறக்கல. அது திமிருதான். எல்லாரும் கேக்கற மாரி இஷ்டம் இல்லையான்னு கேட்டான் பாரு, சுர்ருன்னு ஏறிச்சு. நானும் அவன டா போட்டேன். அதுக்கு இன்னா வேணா எயுதட்டும்" என்றார். மேனேஜரிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "யாரு கேட்டாங்க? எறங்குனதும் கேட் பாஸைப் புடுங்கிகினு வூட்டுக்குப் போன்னுட்டாங்க. இன்னா ஆச்சுன்னு ஒருத்தனும் கேக்கல" என்றார்.

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தே?" என்றேன். டம்ளரை எடுத்து மிச்ச டீயைக் குடித்தார். அவருக்குமே தெளிவாகத் தெரியவில்லை போல. பிறகு சொன்னார்: "மாட்டேன்னு சொன்னான்னே எயுதச் சொல்லு. எதுக்கு மாட்டேன்னான்னும் எயுதச் சொல்லு. நாளைக்கி நான் இல்லன்னா என் சீட்ல வேற ஒருத்தன் ஒக்காருவான். கீய ஆளு கீறான், கன்ட்ரோல்லேர்ந்து எறக்கு எறக்குன்றாங்கன்னா, அவன் மாட்டேன்னு சொல்லணும்மா. நிறுத்தினார்னு எயுதி மூடி வச்சிட்டா யாருக்கு இன்னா புரியும்?"

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அவர் சொல்வது சரி என்று தோன்றவில்லை. முதலில் பயம்தான் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், உன் வேலை, உன் கல்யாணம், அதைத் தவிர எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. "கீய ஆளு இருந்தான்னு எழுதுனா, எறக்கச் சொன்னது யாருன்னு கேப்பாங்களே அண்ணே. என் புள்ள வேலை போய்டுமே" என்றேன். அவர் ஆறுதலாக எதையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஆமா, போனாலும் போவும்" என்றார். எழுந்து செருப்பை மாட்டும்போது, "கொழம்பு வாசனை சூப்பரா கீது" என்று ஒரு பேச்சு வேறு.

அவர் படி இறங்கும்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "அண்ணே, அந்த ஆளு பேரு இன்னா?"

நின்று யோசித்தார். "தெரியலயே தங்கச்சி. வடநாட்டு ஆளுங்க எல்லாரையும் பையான்னுதான் கூப்புடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதிலிருந்து பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இதோ பார், குழம்பு தானாக அடிப்பிடித்துக்கொண்ட மாதிரி எழுதுகிறேன். நான்தான் விட்டுவிட்டேன். மேலாக எடுத்து வைத்திருக்கிறேன், வாசனை வந்தால் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிடு.

உட்கார்ந்து உனக்காக ஒரு வாக்கியம் கண்டுபிடித்தேன் நைனா. செக்கர் மூளை சும்மா இருக்குமா? "தகவல் தொடர்பில் ஏற்பட்ட இடைவெளி காரணமாக வேலை தடைபட்டது." எப்படி இருக்கிறது? பேப்பரில் வரும் அறிக்கை மாதிரி இல்லை? மறுத்தார் இல்லை, நிறுத்தினார் இல்லை. அருளப்பன் வேலையும் தப்பிக்கும், உன் வேலையும் தப்பிக்கும். பொய் என்றும் யாரும் சொல்ல முடியாது, இடைவெளி ஏற்பட்டது உண்மைதானே. உன் மேனேஜரே தட்டிக்கொடுப்பார். எழுதி முடித்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அப்பாடா, பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று எழுந்து தண்ணீர்கூடக் குடித்துவிட்டு வந்தேன்.

வந்து மறுபடி படித்தேன். அந்த வாக்கியத்தில் நீ இல்லை. அருளப்பன் இல்லை. சரி, நீங்கள் இருவரும் அதில் இருக்கக்கூடாது என்றுதானே அதை எழுதினேன். ஆனால் டிரெய்லர் மேல் குனிந்திருந்தவனும் அதில் இல்லை. அவனைச் சேர்த்து எழுதிப் பார்த்தேன். "கீழே ஆள் இருந்ததால்" என்று ஆரம்பித்தால், "இறக்கச் சொன்னபோது" என்று அடுத்து வந்துவிடுகிறது. சொன்னது யார்? நீ. வேறு மாதிரி திருப்பி எழுதினேன். அவனை உள்ளே விட்டால் எப்படியும் பின்னாலேயே நீ வந்துவிடுகிறாய். உன்னை வெளியே எடுத்தால் அவனும் போய்விடுகிறான். இத்தனை வருஷம் சட்டை மேல் பழியைப் போட்டவளுக்கு இந்த ஒரு வாக்கியம் பிடிபடவில்லை. பேப்பர் வீணானதுதான் மிச்சம்.

ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன், யோசிக்கவே பிடிக்கவில்லை. அருளப்பன் உன் பேச்சைக் கேட்டுப் பெட்டியை இறக்கியிருந்தால்? இன்றைக்கு நீயும் நானும் மறுத்தாரா நிறுத்தினாரா என்று பேசிக்கொண்டிருப்போமா? எங்கேயோ பீகாரிலோ ஒரிசாவிலோ இருக்கிற அவன் அம்மாவுக்கு யார் போன் செய்து, எந்த வார்த்தையில் சொல்லியிருப்பார்கள்? அவளுக்கும் "இடைவெளி ஏற்பட்டது" என்றா சொல்வார்கள்? அவளை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அதே சமயம் உன்னை நினைத்தாலும் தாங்கவில்லை. தெரியாமல்தானே செய்தாய். மேலே இருந்து நெருக்கினார்கள், கேமராவில் தெரியவில்லை, யாரும் உனக்குப் பட்டனை விட்டுக் காது கொடுக்கச் சொல்லித் தரவில்லை. "நாம" என்று பேசத்தான் சொல்லித் தந்தார்கள். என் பிள்ளை கொடூரக்காரன் இல்லை என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியும்?

எழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதாதே என்று சொல்லவும் வரவில்லை. எழுதினால் உன் வேலை நிலைக்குமா போகுமா, தெரியாது. கல்யாணத்துக்கு என்ன சொல்வது, தெரியாது. அருளப்பன் கேட்ட மாதிரி எழுதினால் அவர் வேலையாவது நிலைக்குமா என்பதும் தெரியாது. நேற்று கெட்டிக்காரி என்றாயே, அவள் இன்றைக்கு இல்லை. மேலே எழுதின அந்த அழகான வாக்கியத்தை அடிக்காமல் விட்டிருக்கிறேன். உனக்குத் தெரியாமல் அதை மறைக்கவும் எனக்கு மனசு வரவில்லை. வேண்டுமானால் எடுத்துக்கொள். நீ எதை எழுதினாலும் நான் உன்னைத் திட்டமாட்டேன்.

ஒன்று மட்டும் செய். நாளைக் காலையில் ஆபீஸ் அறைக்குப் போகாதே, நேராக யார்டுக்குப் போ. லாக் போடுகிறவர்கள் இருக்கிற இடத்தில் போய் நில். அன்றைக்கு டிரெய்லர் மேல் குனிந்திருந்தது யார் என்று கேள். வந்து நிற்பான், பயந்துகொண்டு நிற்பான். பையா என்று கூப்பிடாதே. அவன் பேர் என்ன என்று கேள், சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ பேசாமல் இரு.

அப்புறம் போய் எழுது.

அம்மா